ஐந்து எண்ணிவிட்டுப் பேசிய வாரம்

யாராவது என்னிடம் "ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தால், அந்த நிமிஷம் முடிவதற்குள் அவர்கள் சொல்ல வந்ததை நானே சொல்லி முடித்திருப்பேன். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அதுதான் தொல்லை. எல்லாம் தப்பாக இருந்திருந்தால் எப்போதோ திருந்தியிருப்பேன்.

பள்ளியில், கேள்வித்தாள் கைக்கு வரும் முன்பே பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்லூரியில் "வேற யாராச்சும் சொல்லுங்க" என்ற வாக்கியத்தை எனக்காகவே கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குணச் சோதனைகள் எதையும் விட்டதில்லை. கூட்டத்தில் உற்சாகம் வருகிறதா, தனியாக இருக்கும்போதா? முடிவு எடுத்துவிட்டு யோசிப்பீர்களா, யோசித்துவிட்டு முடிவு எடுப்பீர்களா? எல்லாச் சோதனையும் என்னை எக்ஸ்ட்ரோவெர்ட் என்றே சொல்லும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் வைத்துப் பார்த்தேன். கேள்வியை நான் படித்தேன், பதிலையும் நானே சொன்னேன், அவர் தலையாட்டினார். இன்ட்ரோவெர்ட் என்று வந்தது.

"இத கண்டுபிடிக்க சோதனை வேறயா?" என்றாள் அம்மா.

அப்பா தபால் நிலையத்தில் கவுன்டருக்குப் பின்னால் உட்காருகிறவர். எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரில், பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். நான் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கம், கார்களுக்கு ஒயரிங் கட்டித் தரும் தொழிற்சாலையில். காருக்குள் விளக்கிலிருந்து ஹாரன் வரைக்கும் ஓடுகிற ஒயர்களை எல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி, முனைகளில் கனெக்டர் மாட்டி அனுப்புவோம். முடித்து மாட்டி வைத்த கட்டைப் பார்த்தால், யாரோ தலைவாரிப் பின்னிவிட்டு ரிப்பன் கட்ட மறந்த சடை மாதிரி இருக்கும். ஆளுயரப் பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வொருவர் தம் பங்குக்கு ஒயரை மாட்டுவார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். நான் அந்த லைனின் பயிற்சிப் பொறியாளர். பயிற்சி முடியும் தறுவாயில் இருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டும். எங்கள் பாஷையில், கன்ஃபர்மேஷன்.

அதை நம்பித்தான் வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. கன்ஃபர்மேஷன் வந்துவிட்டால், மாப்பிள்ளை பார்க்கும் பேச்சை அம்மா கொஞ்ச காலத்துக்கு எடுக்கமாட்டாள். வராவிட்டால், அவளுடைய கைப்பேசியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் புகைப்படங்களை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒப்பந்தம் ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. லைன் ஓடும் சத்தத்துக்கு நடுவில் நிற்கும்போதுதான் என் மூளை ஓடுகிற வேகத்துக்கு வெளியேயும் ஏதோ ஓடுகிறது என்று நிம்மதியாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒருவர் லைனைப் பார்வையிட வந்தார். எங்கள் செக்‌ஷன் ஹெட் அவருக்கு ஒருபுறம், நான் மறுபுறம். கனெக்டர் மாட்டும் இடத்தில் நின்று அவர், "இங்க எங்கயாவது..." என்று ஆரம்பித்தார். நான் முடித்துவைத்தேன். இங்கே முன்பு ஒயர் முனை சரியாக உட்காராமல் வந்த பிரச்சனை, அதை எப்படிப் பிடித்தோம், எப்படிச் சரிசெய்தோம், இப்போது என்ன நிலை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். கேட்டுவிட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "தண்ணி எங்க இருக்கும்னு கேக்க வந்தேன்," என்றார்.

மறுநாள் செக்‌ஷன் ஹெட் கூப்பிட்டார். அவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். திருநெல்வேலிக்காரர். அவர் ஒரு கேள்வியை ஆரம்பித்து முடிப்பதற்குள் நாம் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பதில் சொல்வதும் அப்படித்தான்.

"தண்ணி கேட்ட மனுசனுக்கு," என்றார். நிறுத்தினார். மின்விசிறியைப் பார்த்தார். "நம்ம குறை எல்லாத்தையும் தட்டுல வச்சுக் குடுத்திருக்க."

"சார், அதுல தப்பா எதுவும் சொல்லல சார், எல்லாம் டேட்டா..."

"பாத்தியா. நான் இன்னும் முடிக்கல."

வாயை மூடினேன்.

"நீ சொல்லுதது எல்லாம் சரிதான். ஆனா அடுத்தவன் சொல்லுததுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருது. அதான் பிரச்சனை. அடுத்த வாரக் கடைசியில உன்னைப் பத்தி நான் எச்.ஆர்.க்கு எழுதி அனுப்பணும்." நீண்ட இடைவெளி. "பாப்போம்."

அலுவலகத்தில் 'பார்ப்போம்' என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு, அன்று நான் எப்படி வீட்டுக்குப் போனேன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் துவண்டு உட்காருகிற ரகம் இல்லை. அன்று சாயங்காலமே ஆராய்ச்சியில் இறங்கிவிட்டேன். நன்றாகக் கேட்பது எப்படி, குறைவாகப் பேசுவது எப்படி என்று வரிசையாகக் காணொளிகள். வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் பார்த்தேன். ஒன்றில் சொன்ன யோசனை நச்சென்று பிடித்துக்கொண்டது: யார் எது கேட்டாலும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பதில் சொல்லுங்கள். கேட்காமல் எதையும் சொல்லாதீர்கள். ஒரே வாரத்தில் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் வித்தியாசத்தை உணர்வார்கள்.

உணர்ந்தார்கள்.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். அந்த பஸ் மண்ணூரில் கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் வழியாக வரும். மண்ணூரிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார் ஓர் அக்கா. என் லைனில் கனெக்டர் மாட்டுகிறவர். வயல் இருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு, வயல் போன பிறகு இங்கே வேலைக்கு வந்தவர். பல வருஷமாகக் கான்ட்ராக்ட். கம்பெனி ரோலில், அதாவது நேரடி வேலையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். எந்த நாளும் வரலாம் என்று காத்திருந்தார். லைனில் என்னை மேடம் என்பார், பஸ்ஸில் பாப்பா.

வழக்கமாக நான் ஏறியதிலிருந்து இறங்கும் வரை பேசுவேன். அன்று பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

"இன்னா பாப்பா, வாய்ல கொழுக்கட்டயா?"

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. "ஒண்ணும் இல்லக்கா."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வூட்ல எல்லாம் நல்லாத்தான கீறாங்க?"

மறுபடி ஐந்து. "நல்லா இருக்காங்கக்கா."

வல்லம் தாண்டும்வரை அவர் என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். எவ்வளவு எளிது!

ஷிஃப்ட் தொடங்கும் முன் லைனில் எல்லோரும் வட்டமாக நின்று ஒரு சின்னக் கூட்டம் போடுவோம். இன்றைய டார்கெட், பாதுகாப்பு, நேற்று நடந்த தவறு. அந்தக் கூட்டத்தை நான் கிட்டத்தட்ட வானொலி நிகழ்ச்சியாக்கி வைத்திருந்தேன். முந்தைய நாள் கிரிக்கெட், பஸ்ஸில் நடந்தது, ஒரு விடுகதை எல்லாம் சேர்ந்துதான் டார்கெட் வரும். அந்த வாரம் டார்கெட்டைச் சொன்னேன், பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொன்னேன், "போகலாம்" என்றேன். வட்டம் கலையவில்லை. மீதி எங்கே என்பது மாதிரி நின்றார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஒன்று சொல்லத்தான் வேண்டும். பேசாமல் லைனில் நடந்தபோது, இத்தனை மாதம் காதில் விழாத ஒன்று விழுந்தது. ஒயர் முனையைக் கனெக்டருக்குள் தள்ளினால், அது சரியாக உட்காரும்போது 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். தள்ளு, க்ளிக், இழுத்துப் பார். பயிற்சியின் முதல் நாள் பாடம். அதை நானே பல பேருக்கு நடத்தியிருக்கிறேன். ஆனால் லைன் முழுக்க அந்த க்ளிக் சின்னத் தூறல் மாதிரி விழுந்துகொண்டே இருப்பதை நான் அப்போதுதான் கேட்டேன். ரொம்ப அழகாக இருந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல் துடித்தது. சொல்லவில்லை.

அந்த வாரம் வேறு இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஒன்று, எங்கள் லைனிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இன்னொன்று, கேன்டீனில் புதன்கிழமை தோறும் போடும் கேசரி அந்தப் புதன்கிழமை வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒன்றுமில்லாத விஷயம். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. இங்கே ஒவ்வொரு வீட்டிலும், என்றோ ஒருநாள் கேட்டைப் பூட்டிவிட்ட ஒரு கம்பெனியில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார். அவர்கள் சொல்லும் கதை எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். முதலில் டீயோடு கொடுக்கும் பிஸ்கட் நின்றது. பிறகு இரண்டு பஸ்ஸை ஒன்றாக்கினார்கள். பிறகு ஒரு மிஷினைப் பழுது பார்க்க என்று தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அதனால் இங்கே வேலை பார்க்கிறவர்கள், மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற மாதிரி கேன்டீன் தட்டைப் பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை நான் லைனில் நடந்துபோனபோது, அக்கா கையை நிறுத்தாமல் குரலைத் தணித்துக் கேட்டார்:

"மேடம், நம்ம லைனு வேற எங்கியாச்சும் போவுதா?"

கேள்வி எனக்கு வேடிக்கையாக இருந்தது. பதில் நுனி நாக்கில் இருந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. ஒன்று. அக்காவின் கை நின்றது. இரண்டு. பக்கத்துப் பலகைக்காரர் திரும்பினார். மூன்று, நான்கு. க்ளிக் சத்தம் அந்த இடத்தில் மட்டும் இல்லை. ஐந்து.

"இல்லையேக்கா," என்றேன், சிரித்த முகமாக.

"சரி மேடம்," என்றார். எவ்வளவு பக்குவமாகப் பதில் சொன்னேன் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

வீட்டிலும் வாரம் முழுக்க இதே பயிற்சிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது.

"யாருடி அவன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். பழக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றிலேயே அம்மாவின் கண் விரிந்தது.

"யாரும் இல்லம்மா!"

"இவ்ளோ நேரம் யோசிச்சு யாரும் இல்லன்னு சொல்றா பாருங்க," என்று அப்பாவிடம் சொன்னாள். "கம்பெனியிலயா? நம்ம ஊரா? சாப்பாட்டுல கை வைக்காம ரெண்டு நாளா எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கும்போதே நெனச்சேன்."

நான் எங்கேயோ பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்பா தொலைக்காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "பேசிடும்மா," என்றார். "நீ பேசாததால இந்த வாரம் பூரா நான் பேச வேண்டியதாப் போச்சு."

சிரித்துவிட்டுப் படுக்கப் போனேன். ஆனால் அந்த வாக்கியம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா அமைதியானவர், அது அவர் சுபாவம் என்றுதான் நான் அந்தச் சோதனையிலும் குறித்திருந்தேன். இத்தனை வருஷம் அவருடைய அமைதிக்கு நான்தான் காவல் நின்றிருக்கிறேன் என்று ஒரு சோதனையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பஸ். அக்கா பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கவில்லை. அங்கே டேப் சுற்றும் இன்னோர் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்தார்கள் போல. பின்னாலிருந்து பேச்சு தெளிவாகக் கேட்டது.

"மண்ணூர்ல, வூட்டாண்டயே. பேக்கிங் வேல. சம்பளம் கம்மிதான். திங்கக்கெழமயே வந்துடுன்னு சொல்லிக்கினு கீறான் ஏஜென்டு."

"இன்னாக்கா சொல்ற? ஒனக்கு ரோல் குடுக்கறன்னாங்களே!"

"லைனே இல்லாத எடத்துல ரோல வச்சிக்கினு நான் இன்னா பண்றது? முன்னாடியே போறவளுக்கு எடம் கெடைக்கும். அப்பால போறவளுக்கு அதுவும் கெடைக்காது. இன்னிக்கு ஷிஃப்டு முடிஞ்சதும் ஐடி கார்ட குடுத்துட்டு வந்துடலாம்னு கீறேன்."

"கேசரி போடலன்னா கம்பெனிய மூடிடுவாங்களா?"

"கேசரிய வுடு. நான் மேடத்தையே கேட்டுட்டேன், லைனு போவுதான்னு. இல்லன்னு சொல்ல எவ்ளோ நேரம் யோசிச்சுது தெரியுமா? அந்தப் பொண்ணு யோசிச்சிப் பேசி நீ எப்பவாச்சும் பாத்துக்கீறியா?"

திரும்பி, இருக்கையின் மேல் முட்டி போட்டு, இரண்டு பேரையும் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். எண்ணவில்லை. தண்ணீர் கேட்டவர், சார் சொன்னது, காணொளி, ஐந்து எண்ணுவது, அம்மா கேட்ட கேள்வி என்று ஒரு வாரத்துப் பேச்சும் அணை உடைந்த மாதிரி வந்தது. பஸ்ஸே சிரித்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். டேப் சுற்றும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மண்ணூர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"பாப்பா, நீ நல்ல பொண்ணு. அது எனக்குத் தெரியும். ஆனா இப்ப பேசறது நெசமா, அன்னிக்குப் பேசாதது நெசமா? போய் சமாதானம் பண்ணிட்டு வான்னு சார் சொல்லி அனுப்பியிருந்தா?"

"ஐயோ அக்கா, சார் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

"அதான் சொல்றேன். ஒங்கிட்டயே ஒண்ணும் சொல்லல. அப்ப லைனு போவலன்னு ஒனக்கு மட்டும் எப்டித் தெரியும்?"

உண்மையில் எனக்குத் தெரியாது. அந்தப் பலகை எதற்குப் போனது என்று வாரம் முழுக்க நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதானே பயிற்சி? பழைய நான் என்றால், பலகையை வண்டியில் ஏற்றும்போதே ஓடிப்போய் நாலு கேள்வி கேட்டு, பதிலை மறுநாள் காலைக் கூட்டத்தில் லைனுக்கே ஒலிபரப்பியிருப்பேன்.

சனிக்கிழமைகளில் காலைக் கூட்டத்துக்கு சாரும் வந்து நிற்பார். என்னைப் பற்றி அவர் எழுதி அனுப்ப வேண்டிய கெடுவும் அன்றுதான். டார்கெட்டை மட்டும் சொல்லி, கண்ணாடி போடச் சொல்லி, "போகலாம்" என்றால் என் வாரம் பழுதில்லாமல் முடிந்துவிடும். எதிரே அக்கா நின்றார். ஐடி கார்டைக் கழுத்திலிருந்து ஏற்கெனவே கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும்," என்றேன். "நம்ம லைனை வேற எங்கேயாவது மாத்தப் போறாங்களா?"

பயிற்சியில் இருப்பவர் கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது, அதுவும் லைன் முழுக்க நிற்கும்போது. சார் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பலகை இல்லாத வெற்றிடத்தைப் பார்த்தார். யாரும் பதறவில்லை. அவர் எப்போதும் அப்படித்தானே. பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக, "சாரும் எண்ணிக்கினு கீறாரு," என்றது. அடக்கிய சிரிப்பு ஒரு சுற்று வந்தது.

"யாரு சொன்னா?" என்றார் சார்.

சொன்னேன். கேசரியில் ஆரம்பித்து, பலகை, வியாழக்கிழமைக் கேள்வி, என் ஐந்து எண்ணிக்கை வரை எல்லாவற்றையும் சொன்னேன். யார் வேலையை விடப் போகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு முறை அவர் கையைத் தூக்கினார், நான் நிறுத்தவில்லை. முடித்தபோது மூச்சு வாங்கியது.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பலகை, புது மாடலுக்கு மாத்தி அமைக்கப் போயிருக்கு. செவ்வாக்கிழமை வந்துரும். புது மாடல் வந்தா ஓவர்டைம் செய்ய ஆள் பத்தாதுன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன். லைன் எங்கயும் போகல." நிறுத்தினார். போய்விடுவார் என்று நினைத்தோம். "கேசரி போடுத மாஸ்டரு தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்காரு. அதுல எனக்கும் வருத்தந்தான்."

வட்டம் முழுக்க ஒரே நேரத்தில் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். யாரோ, "அடப்பாவி மாஸ்டரே!" என்றார்கள்.

அக்கா விடவில்லை. "சார், ரோலு மேட்டரு..."

சார் அவர் பக்கம் திரும்பினார். இந்த முறை அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஐந்தையும் தாண்டி எண்ணியிருப்பேன்.

"உன் பேரு போயாச்சும்மா. கையெழுத்து வரணும். ஒரு பத்து நாள் பொறு."

அக்கா ஐடி கார்டின் கயிற்றைப் பிரித்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டீ இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் பேசுவது கேட்டது: "வர்ல பா. இல்ல, வர்ல. வேற ஆளு பாத்துக்கோ." பிறகு என்னைப் பார்த்து, "இன்னா பாக்கற? போ, ஒன் வேலயப் பாரு மேடம்," என்று விரட்டினார். அந்த விரட்டலைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நிம்மதி.

என் கணக்கு பாக்கி இருந்தது. ஷிஃப்ட் முடியும்போது சார் கூப்பிட்டார். மேசைக்கு எதிரில் நின்றேன். மாப்பிள்ளைப் புகைப்படங்கள் ஒவ்வொன்றாகக் கண் முன் வந்துபோயின. அம்மாவின் கைப்பேசியில் இரண்டாவதாக இருக்கிறவருக்கு மீசைகூட ஒழுங்காக இருக்காது.

"இந்த வாரம் பூரா நீ பேசவே இல்ல," என்றார்.

"ஆமா சார், அதான் நான்..." நிறுத்திக்கொண்டேன். அவர் முடிக்கட்டும் என்று, எனக்கே வியப்பாக, நிஜமாகவே காத்திருந்தேன்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வேற கம்பெனியில வேலை வாங்கிட்ட, பேப்பர் போடப் போறன்னு நெனச்சேன். புது மாடல் வருத நேரத்துல நீயும் போனா என்ன செய்ய? லைன்ல ஒவ்வொருத்தருக்கும் எந்தக் கைல வேலை ஓடும்னு உனக்குத்தான் தெரியும்." மின்விசிறியைப் பார்த்தார். "அதான் வியாழக்கிழமையே எழுதி அனுப்பிட்டேன்."

"என்னன்னு சார்?"

"கன்ஃபர்ம் பண்ணச் சொல்லித்தான்."

எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. லைன் மூடப்போகிறது என்று அக்கா பயந்தார். யாரோ ஒருவன் வந்துவிட்டான் என்று அம்மா பயந்தாள். நான் போய்விடுவேன் என்று சாரும் பயந்திருக்கிறார். என் ஒரு வாய் மூடியிருந்ததில், அவரவர் மனதில் எது இருந்ததோ அது அவரவர் காதில் விழுந்திருக்கிறது. அப்பாவும் சாரும் வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள், ஒருவரும் பதறுவதில்லை. அது அவர்களுடைய இயல்பான சத்தம். என்னுடையது வேறு. நான் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். நின்றால்தான் செய்தி.

"இன்னைக்கு நீ கூட்டத்துல பேசினதைக் கேட்டப்புறம்," என்றார் சார், "அனுப்பினதைத் திரும்ப வாங்கலாமான்னு யோசிச்சேன்."

என் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார்.

"வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவர் நகைச்சுவை செய்வார் என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். வேகமாகப் பேசுகிறவர்கள் அதைக் கேட்டிருக்க வழியில்லை. சிரிப்பு வரும் இடத்துக்கு முன்பாகவே நாங்கள் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

கதவுவரை போய்விட்டேன். பின்னாலிருந்து, "ஏம்மா," என்றார். "அஞ்சு ரொம்ப அதிகம். ரெண்டு போதும்."

வீட்டுக்கு வந்து கன்ஃபர்மேஷன் சேதியையும், எண்ணிக்கை விவகாரத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா என் வாயில் சர்க்கரை போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நெஜமாவே பையன் யாரும் இல்லையா?" என்றாள். குரலில் லேசான ஏமாற்றம். ஒரே ராத்திரியில் அவனை ஏற்றுக்கொள்ளத் தயாராகிவிட்டிருக்கிறாள். அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து நான் சொன்னது முழுவதையும் கேட்டார், பிறகு மறுபடி கூட்டிக்கொண்டார். அந்த வீட்டில் அவர் பேசவேண்டிய தேவை தீர்ந்துவிட்டது என்பது அவர் சாய்ந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் சாப்பாட்டுப் பை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பாப்பா, ஒண்ணு சொல்லட்டா?" என்றார்.

ரோலைப் பற்றித்தான் கேட்கப்போகிறார், பத்து நாளில் வந்துவிடும் என்று சொல்லலாம் என வாய் திறந்தேன். மூடினேன். ஒன்று. இரண்டு.

"போன வாரம் பூரா எனக்குத் தூக்கமே இல்ல. நைட்டுல இல்ல, இங்க, பஸ்ல. டெய்லி நீ பேச ஆரம்பிச்சா வல்லம் வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன். ஒனக்குத் தெரியாது, நீ பாட்டுக்குப் பேசிக்கினு இருப்ப. நான் கண்ணத் தொறந்துக்கினே தூங்குவேன்."

"அக்கா! அப்போ நான் இத்தன நாளா சொன்னது?"

"பாதி கேட்டுக்கீறேன். அது போதும்." தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டார். முந்தானையை இழுத்துக் காதோரம் செருகினார், ஆனால் என் பக்கத்துக் காதை மூடவில்லை. "இன்னா பாக்கற? பேசு. நான் தூங்கணும்."

க்ளிக் சத்தம் தூறல் மாதிரி கேட்டது என்று ஆரம்பித்தேன்.